ஆறு கோட்டுத் தண்ணீர்

நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற எத்தனை ஆள் வேண்டுமானாலும் கிடைக்கும், ஊற்றாமல் இருப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது என்று நர்சரி முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அப்படி அவருக்குக் கிடைத்த ஆள் ஜெயக்கொடி.

அன்னூரிலிருந்து கிழக்கே நாலு கிலோமீட்டர் போனால் தார் ரோட்டை ஒட்டி அந்த நர்சரி இருக்கிறது. மகள் ஜோவிதாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு, பாக்கெட்டில் மண் நிரப்புகிற வேலைக்கென்று அங்கே போனவள் ஜெயக்கொடி. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. ஜோவிதா கல்யாணமாகிக் காங்கேயத்தில் இருக்கிறாள். செம்மண், மணல், தொழுவுரம் மூன்றையும் கலந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தே இது சவுக்குக்கு ஆகும், ஆகாது என்று ஜெயக்கொடி சொல்லிவிடுவாள்.

சவுக்கு நாற்று முழங்கால் உயரம் வந்ததும் மேலே கட்டியிருக்கும் நிழல்வலையைச் சுருட்டிவிட வேண்டும். அப்புறம் நாலு வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தினமும் ஊற்றினதை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருதரம், கடைசி வாரத்தில் நுனி தொங்கி வெகுநேரம் ஆன பிறகு கொஞ்சம். காய்ச்சல் போடுவது என்று அதற்குப் பேர். காய்ச்சல் போட்ட நாற்று குட்டையாக, தண்டு தடித்து, பழுப்பேறிக் கிடக்கும். பார்க்க லட்சணமாக இராது. ஆனால் காட்டில் நட்டதும் ஈரத்தைத் தேடி வேரைக் கீழே இறக்கிவிடும். காய்ச்சல் போடாதது பச்சைப்பசேலென்று நிற்கும். மழை தவறிவிட்டதென்றால் நின்ற மாதிரியே காய்ந்துபோகும்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இது தாங்காது. மத்தியான வெயிலில் பாத்தி முழுக்க நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதைப் பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு தெளித்துவிடுவார்கள். ஜெயக்கொடி ஒருநாளும் தெளித்ததில்லை. ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிற ஐயாசாமி அறுபது வயசுக்காரர், வாய் சும்மா இராது. “அம்மணி, உங்களக் கெணத்துக்குக் காவல் போட்டிருந்தா இந்த ஊர்ல ஒரு கெணறும் வத்தியிருக்காதுங்க” என்பார். இவளும் சிரித்துக்கொள்வாள்.

அவள் புருஷன் தேவானந்தம் அன்னூர் மெயின் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கருகின மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உள்ளே இறக்கி, வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டுகிற வேலை. எந்தத் தோட்டத்து போர்க்கிணற்றில் எத்தனை அடியில் மோட்டார் தொங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். முந்நூறு அடி அறுநூறானதும், அறுநூறு ஆயிரத்து இருநூறானதும் அவர் கண் முன்னால் நடந்ததுதான். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கித் தின்ற மாத்திரையும், கண்டுகொள்ளாமல் விட்ட சர்க்கரையும் சேர்ந்து ஐம்பத்து நாலாவது வயசில் அவர் கிட்னி இரண்டையும் முடித்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும்.

அந்த வியாதியில் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஊசி, பஸ், உப்பில்லாத சோறு எல்லாம் பழகிவிடும். தண்ணீர்தான் பழகாது. குடிக்கிறது வெளியே போக வழியில்லை. காலில் இறங்கி, நெஞ்சில் ஏறி, மூச்சை அடைக்கும். மெஷினைப் பார்த்துக்கொள்கிற ரம்ஷா கோட்டைமேட்டுப் பெண், சின்ன வயசு. முதல் வாரமே ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

“ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், ஆன்ட்டி. காப்பி, ரசம், மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாமே அதுக்குள்ள. அங்கிள் கெஞ்சுவாங்க. நீங்கதான் போலீஸ்.”

ஜெயக்கொடி ஒரு முக்கால் லிட்டர் பாட்டிலை எடுத்து, ஜோவிதா விட்டுப்போன நகப்பாலீஷால் அதன்மேல் ஆறு சிவப்புக் கோடு போட்டாள். காலையில் பாட்டிலை நிறைத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பாள். காப்பிக்கு ஒரு கோடு போய்விடும், மாத்திரைக்கு அரைக் கோடு, கொள்ளு ரசம் இரண்டு கரண்டி விட்டால் அதிலும் அரைக் கோடு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவர் கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பாள். குழி விழுந்து மேலே வர நேரமானால் அன்றைக்கு ரசம் கிடையாது. அவர் எதிரில் அவள் தண்ணீர் குடிக்கிறதையே விட்டுவிட்டாள். நர்சரியில் குடித்துவிட்டு வருவாள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் போய் நின்று சத்தம் வராமல் குடிப்பாள்.

தேவானந்தம் எரிந்து விழுகிற ஆள் இல்லை. விளையாட்டாகத்தான் கேட்பார். “கல்யாணத்துல பாஸ்டரு, சொகத்துலயும் நோவுலயும் கூட இருப்பியான்னு கேட்டாரு. தண்ணி குடுப்பியான்னு கேக்காம உட்டுட்டாரு பாரு.” தாகத்துக்கு ஏலக்காய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, பார்வையை மட்டும் பாட்டில் மேலேயே வைத்திருப்பார். ஆவணி மாதத்தில் புழுக்கம் தாங்காத ஒரு மத்தியானம் பாட்டில் காலியாகிவிட்டது.

“நாளைக்குக் கோட்டுல ஒண்ணு இன்னைக்கிக் குடு ஜெயா.”

“நாளைக்கி என்னத்தக் குடிப்பீங்க?”

“நாளான்னிக்குக் கோட்டுல ஒண்ணு.”

“அப்பிடியே போனா வெள்ளிக்கெழமைக்கு முன்னால முங்கிப் போயிருவீங்க. பேசாமப் படுங்க.”

அவர் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே வெகுநேரம் நின்றாள். கொடுக்கவில்லை.

அவர்கள் வீடு இருக்கிறது காட்டுக்குள். மாமனார் வைத்துவிட்டுப் போன, மழையை நம்பின ஒரு ஏக்கர் மேட்டாங்காடு. போர் வற்றிப்போய் இரும்புக் குழாய் மட்டும் காட்டின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சவுக்கு வைக்கலாம் என்ற யோசனை தேவானந்தத்துடையதுதான்.

“நாலு வருசத்துல வெட்டுக்கு வந்துரும். அப்பறம் நீ நர்சரிக்குப் போய் மண்ணு மிதிக்கோணும்னு இல்ல. வரப்புல நின்னு, இக்கட்ட வெட்டு, அக்கட்ட வெட்டுன்னு கையக் காட்டு, போதும்.”

அப்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போன பிறகு அவளுக்கென்று இந்தக் காடு நிற்க வேண்டும். அதுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

முதலாளி நல்ல மனுஷர். உன்ற கையில வந்த செடிதானே, ஆயிரம் எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் ரவிதேஜாவும் அதே விதையில் வந்த நாற்றைத்தான் கேட்டிருந்தார். அவருடையது ரோட்டோரப் பாத்தியில் இருந்தது. தங்களுடைய ஆயிரத்தை ஜெயக்கொடி கடைசிப் பாத்தியில், வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடுக்கினாள். புரட்டாசியில் இரண்டு பாத்திக்கும் ஒரே நாளில் காய்ச்சல் போட்டாள்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தேவானந்தம் நாலு மணிக்கு மெல்ல நடந்து நர்சரிக்கு வந்துவிடுவார். அவளுக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும். அதுவரைக்கும் கடைசிப் பாத்தி ஓரத்தில் ஹாலோபிளாக் கல் ஒன்றின்மேல் உட்கார்ந்திருப்பார். அவள் இந்தக் கோடியில் விதைப்பாத்தியில் குனிந்திருப்பாள். பிறகு இருவருமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

மூன்றாவது வாரத்தில் ரோட்டோரப் பாத்தி பழுப்பேறி, நுனி தொங்கி, பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடைசிப் பாத்தி அவ்வளவாக வாடவில்லை. வேப்ப மரத்து நிழல் சாயங்காலத்தில் விழுகிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் பழுப்பு நாற்றைத் தவிர வேறு எதையும் நல்ல நாற்று என்று சொல்லாதவள், அன்றைக்குத் தன்னுடைய செடி என்றதும் அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டாள்.

“எங்க செடியப் பாத்தீங்களாண்ணா?” என்று ஐயாசாமியிடம் கேட்டாள்.

“செழிப்பாத்தான் இருக்குதுங்க அம்மணி” என்றவர், ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். எப்போதும் கூடவே வருகிற கேலி அன்றைக்கு வரவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் உழவு ஓட்டுகிற அளவுக்கு இரண்டு மழை பெய்தது. கூலிக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஜெயக்கொடி மூன்று நாளில் நட்டு முடித்தாள். தேவானந்தம் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிளேடால் பாக்கெட்டைக் கீறி, மண்கட்டி உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆயிரமும் அவர் கைபட்டுத்தான் குழிக்குப் போயின. கடைசிச் செடியை நட்டு மிதித்தபோது சாயங்கால வெயிலில் காடே பச்சைக் கோடு கோடாகத் தெரிந்தது. அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அவருக்குப் பருப்பைக் குறைத்து, உப்பில்லாமல் தனியாக ஒரு சட்டியில்.

அதோடு மழை நின்றுபோயிற்று. கார்த்திகையில் புயல் வருகிறது என்று டிவியில் நாலு நாள் காட்டினார்கள். அது ஆந்திராப் பக்கம் ஏறிப் போய்விட்டது. மார்கழிப் பனி செடியைப் பிடித்து நிறுத்தியது. தை பிறந்ததும் வறண்ட காற்று கிளம்பிவிட்டது. பகலெல்லாம் செம்மண் புழுதி பறந்து வீட்டுக்குள் தட்டில் படிந்தது. சவுக்கு ஊசிகள் நுனியிலிருந்து துரு நிறத்துக்கு மாறின. எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற பஞ்சாயத்துத் தண்ணீரில் குடிக்கப் போக மிஞ்சியதைக் குடத்தில் சுமந்து வரிசைக்கு நாலு செடியாக ஊற்றினாள். அது காட்டுக்கு எந்த மூலைக்கு?

காய்ந்த மாதிரி தெரிகிற செடி செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்டை நகத்தால் லேசாகக் கீற வேண்டும். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மரக்கலரில் இருந்தால் இல்லை. ஜெயக்கொடி காலையில் புருஷன் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் இறங்கி வரிசை வரிசையாகக் கீறிப் பார்த்துக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் அவர் கேட்பார்.

“எத்தன பச்ச இருக்குது?”

தை கடைசியில் எழுநூறு என்றாள். மாசி பாதியில் முந்நூறு. பொய் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. ஒவ்வொரு தரமும் அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பாட்டிலை எடுத்துப் பார்த்து, குடிக்காமலேயே திரும்ப வைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரவிதேஜா காட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அவர் பாட்டுக்கு நட்டுவிட்டுத் தெலுங்குப்பாளையத்தில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே சவுக்கு குட்டை குட்டையாக, வளராமல், ஆனால் அப்படியே நின்றது. ஒரே விதை, ஒரே மண், நட்டதும் ஒரே வாரம். ஜெயக்கொடி வேலியருகில் நின்று அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் காட்டில் செத்துப்போன ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

நாலு மாசம் மண்ணுக்குள் இருந்த செடி. வேர் இன்னும் பாக்கெட்டின் அச்சிலேயே உருண்டையாக இருந்தது. ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதுவும் அப்படியே. இன்னும் ஐந்தாறு பிடுங்கினாள். தாகமே தெரியாமல் வளர்ந்த வேர் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேராக நர்சரிக்குப் போனாள். ஐயாசாமி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து ராகிக்களி உருண்டையை மோரில் கரைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கின செடிகளை அவர் முன்னால் போட்டாள்.

“ஏனுங்ண்ணா, கடைசிப் பாத்திக்குத் தண்ணி உட்டீங்களா?”

அவர் செடியைப் பார்த்தார். கையைக் கழுவினார்.

“பாவம் பாத்துப்போட்டீங்களாக்கும். ஜெயக்கொடி ஊட்டுச் செடி, வாடக்கூடாதுன்னு நெனச்சீங்களாக்கும். பத்தொம்பது வருசம் கூட வேல செஞ்சிருக்கறீங்க. காய்ச்சல் போட்ட பாத்தில தண்ணி உட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? எங்க காட்டையே கெடுத்துப்போட்டீங்களேண்ணா.”

அவர் திட்டு வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் ஒரு எதிர்ப்பேச்சு வராதது அவளுக்கு என்னமோ போல இருந்தது. இன்னும் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னாள். நாளைக்கே முதலாளியிடம் சொல்லுவேன் என்றாள். அப்போதுதான் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் உடலீங்க அம்மணி. அண்ணன்தானுங்க.”

“எந்த அண்ணன்?”

“உங்க ஊட்டுக்காரருங்க.”

கடைசிப் பாத்தியில் தனியாக ஒரு குழாய் இருக்கிறது. நாலரை மணி வாக்கில், ஜெயக்கொடி அந்தக் கோடியில் குனிந்திருக்கும்போது, தேவானந்தம் எழுந்து போய் ஹோஸை மாட்டி மெல்லத் திறந்துவிடுவாராம். வேறு பாத்திக்கு விடமாட்டார். அந்த ஆயிரத்துக்கு மட்டும்தான். முதல் நாள் பார்த்ததும் ஐயாசாமி தடுக்கத்தான் போயிருக்கிறார்.

“போயி என்னத்தச் சொல்றதுங்க? ஹோஸப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. தண்ணி உழுகற சத்தத்தையே கேட்டுக்கிட்டு நிக்கறாரு. ஒரு சொட்டு வாயில வெக்கலீங்க அம்மணி. கை பூராத் தண்ணி. அந்தக் கையத் தூக்கி ஒருக்கா மொகத்தக்கூடத் தொடைக்கல. ‘ஐயாசாமி, எனக்குத்தான் விதி. இதுகளுக்கு என்ன வந்துது?’ன்னு கேட்டாருங்க. நான் அப்பறம் அந்தப் பக்கமே போகலீங்க.”

ஜெயக்கொடி கீழே கிடந்த செடிகளைப் பொறுக்கினாள். ஐயாசாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவரே, “சொல்லிப்போடாதீங்க அம்மணி, தாங்கமாட்டாரு” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். வழியில் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் அந்தச் செடிகளைப் போட்டாள்.

வீட்டில் தேவானந்தம் கட்டிலில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் இரண்டு கோடு மிச்சம் இருந்தது.

“எத்தன பச்ச?”

“எரநூறு இருக்குமுங்க.”

“ரவிதேஜா காடு நிக்குது. நம்முளுது ஏன் போவுது ஜெயா?”

இந்தக் கேள்வியை அவர் இதுவரைக்கும் கேட்டதில்லை. அவள் அடுப்பைப் பற்றவைக்கிறவள் போலத் திரும்பிக்கொண்டாள்.

“என்ற தப்புதானுங்க. நம்ம செடியாச்சேன்னு காய்ச்சல் போடாம உட்டுட்டேன். பொழுதோட யாருக்கும் தெரியாம நானே தண்ணி ஊத்திப்போட்டனுங்க. மேலயே கெடச்சா வேரு ஏனுங்க கீழ போகும்? அடியில ஈரம் இருந்தாத்தானே அதத் தேடிக்கிட்டு எறங்கும். எல்லாந் தெரிஞ்ச நானே இப்பிடிப் பண்ணிப்போட்டேன்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசியைக் களைந்து சட்டியில் போட்டாள். அப்புறம் அவர், “நீயா ஊத்துன?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“சரி” என்றார். “சரி, உடு.”

அதற்குப் பிறகு எத்தனை பச்சை என்று அவர் கேட்டதேயில்லை. அவளும் காட்டுக்குள் இறங்கிக் கீறிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு கோடு கடன் கேட்பதும் நின்றுவிட்டது. பங்குனி வெயில் வழக்கத்தைவிட முன்னாலேயே காய்ந்தது. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று ரம்ஷா சொன்னாள் என்று சொல்லிக்கொண்டு, தினமும் நாலு மணிக்குப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். அவள் நர்சரியிலிருந்து வருகிறபோது திரும்பி வந்து படுத்திருப்பார். பாட்டில் காலியாக இருக்கும். ஆறு கோடும் சரியாகத் தீர்ந்திருக்கும். கடனும் இல்லை, மிச்சமும் இல்லை.

காலையில் அவர் காலை அமுக்கினால் குழியே விழவில்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு ரம்ஷா, “அங்கிள் இப்போ ஃபர்ஸ்ட் ரேங்க். தண்ணியே ஏறல” என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தேவானந்தம், “வாத்தியார் கண்டிப்புங்க” என்று ஜெயக்கொடியைக் கண்ணால் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் மனசு நிறைந்திருந்தது. காடு போனால் போகிறது, மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்தாள். கன்னம் ஒட்டிப்போனதையும், பஸ்ஸில் ஏறும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பதையும் வெயில் என்று எடுத்துக்கொண்டாள்.

சித்திரை முதல் வெள்ளிக்கிழமை. மெஷினில் போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று ஜெயக்கொடி எழுந்து வெளியே வந்தாள். வராந்தாக் கோடியில் இருந்த கேனில் டம்ளரைப் பிடித்து, அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்போதும் போல நின்று, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. உள்ளே ரம்ஷாவின் குரல், டாக்டர் ஓடிவருகிற செருப்புச் சத்தம். பிரஷர் இறங்கிவிட்டது என்றார்கள். அரைமணி நேரம் பார்த்தார்கள். பிறகு திரையை விலக்கினார்கள்.

ரம்ஷா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கும் அழுகை. வெயில் காலத்தில் இப்படி ஆகிவிடுவது உண்டு, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாள். எழுந்து போகும்போது மட்டும் நின்று கேட்டாள்.

“ஒடம்புல தண்ணியே இல்ல ஆன்ட்டி, அவ்வளவு காஞ்சிருந்தாங்க. அங்கிள் குடிச்சாங்கதானே?”

“தெனமும் ஆறு கோடும் காலியாயிருங் கண்ணு” என்றாள் ஜெயக்கொடி.

சர்ச் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஐயாசாமி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனார். ஜோவிதா ஒரு வாரம் இருந்தாள். காங்கேயத்துக்குக் கூட வந்துவிடு, இங்கே என்ன இருக்கிறது என்று கூப்பிட்டாள். பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கட்டப்பையை அன்றைக்குத்தான் ஜெயக்கொடி பிரித்தாள். துண்டு, மாத்திரைச் சீட்டு, ஏலக்காய்ப் பொட்டலம், அடியில் பாட்டில். அதில் இரண்டு கோடு தண்ணீர் இருந்தது.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தாள். மணி நாலு இருக்கும். தன்னை அறியாமலேயே இறங்கி நடந்தாள். பங்குனியிலிருந்தே அவள் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. இரு பக்கமும் துரு நிறத்தில் செடிகள் விறைத்து நின்றன. கை பட்டதும் ஊசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. எதையும் கீறிப் பார்க்கவில்லை.

வற்றின போர்க்குழாய்க்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒன்று பச்சையாக நின்றது.

கிட்டத்தில் போனாள். செடிக்குத் துணையாக ஒரு மூங்கில் குச்சி. குச்சியோடு சேர்த்து வெள்ளை நூலால் ஒரு கட்டு. மோட்டார் காயிலை இறுக்கப் போடுகிற அந்த முடிச்சை அன்னூரில் அவர் ஒருத்தர்தான் அப்படிப் போடுவார். செடிக்கு ஒரு சாண் தள்ளி, அரை இஞ்சு பைப் ஒன்று சாய்வாக மண்ணுக்குள் அடித்திருந்தது. வாயில் துணியை உருட்டி அடைத்திருந்தது. துணியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த ஈர்க்குச்சியை உள்ளே விட்டாள். முழங்கை ஆழத்துக்குமேல் போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

மேலே ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், அடியில் ஈரம் இருந்தால்தான் தேடிக்கொண்டு இறங்கும் என்று அடுப்புக்கு முன்னால் நின்று அவள் சொன்னது அப்படியே அங்கே செய்யப்பட்டிருந்தது. பைப்பைச் சுற்றி அவருடைய செருப்புத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து மண் மழமழவென்று ஆகிவிட்டிருந்தது. பாட்டிலில் மிஞ்சின கோடெல்லாம் சாயங்காலத்தில் எங்கே தீர்ந்தன என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. தான் சொன்ன பொய்யை அவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்பதும் தெரிந்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரவிதேஜா காட்டுப் பக்கம் ஒரு மயில் அகவிவிட்டு ஓய்ந்தது. பிறகு கையை நீட்டி, செடியின் தண்டை நகத்தால் மெல்லக் கீறினாள். தோலுக்கு அடியில் பச்சை. ஈரமான, பளிச்சென்ற பச்சை.

பாட்டிலின் மூடியைத் திருகினாள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பைப்புக்குள் நூல் போல ஊற்றினாள். காதைக் குழாயின் வாயருகே வைத்துக்கொண்டாள். வெகு ஆழத்தில் தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது. மண் அதை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

ஒரு கோடு இறங்கியதும் நிறுத்திவிட்டாள். துணியை உருட்டிப் பைப்பின் வாயை அடைத்தாள். மூடியைத் திருகி இறுக்கினாள்.

“இன்னைக்கு இவ்வளவுதானுங்க” என்றாள். “நாளைக்கு ஒரு கோடு இருக்குது.”